ஆரஞ்சுப் பெட்டியில் இறங்கிய பிள்ளை

பழனியில் விஞ்ச் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முருகன்மேல் பக்தி கூடிவிட்டது. படியேறாமல் தரிசனம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? போன வாரம் நானும் போனேன். எல்லோரும் பெட்டிக்குள் இடம் பிடிக்க முண்டியடிக்க, நான் குனிந்து, தண்டவாளத்தின் நடுவே ஓடும் கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் இளகிய கிரீஸ் வாசனை. "சாமி மேல இருக்கு. நீங்க கீழ பாத்துக் கும்பிடுறீங்க" என்றாள் என் மனைவி. அந்த வாசனை மூக்கில் பட்டால் எனக்குக் கூடவே ஆரஞ்சுத்தோல் வாசனை வரும், அதன் பின்னாலேயே பால் வாசனையும் வரும் என்பது அவளுக்குத் தெரியாது.

பெரும்பாறை ஆரஞ்சு அது. டிப்ளமா வாங்கிய சூட்டோடு அங்கே மலைச்சரிவில் ஆரஞ்சும் விளைந்த ஒரு காப்பித் தோட்டத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தேன். இருபத்திரண்டு வயது, உலகத்தில் கழன்று கிடக்கும் திருகாணி எல்லாம் எனக்காகவே காத்திருக்கிறது என்ற நினைப்பு. தோட்டத்துக்கு ரோடு கிடையாது. மேலே சரக்கு வைக்கும் கிட்டங்கியிலிருந்து கீழே லாரி வந்து நிற்கும் கொட்டகை வரைக்கும் பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பிவடம் கட்டியிருந்தார்கள். அதில் இரண்டு இரும்புக்கூடைகள். சுமையோடு ஒன்று கீழே இறங்கினால், அந்தக் கனமே மற்றதை மேலே இழுத்துவிடும். எஞ்சின் இல்லை. மேலே ஒரு பிரேக்குச் சக்கரம், அதைப் பிடிக்க சூசையண்ணன், அவ்வளவுதான். கூடையைத் தொட்டில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்திருந்தேன், சேர்ந்த இரண்டாம் நாள் மதியம் வரைக்கும்.

அந்த மதியம் சோற்றுத்தூக்குகளோடு ஓர் ஆரஞ்சுப் பெட்டியும் தொட்டிலில் ஏறியது. உள்ளே பழஞ்சேலை மெத்தை. மெத்தையில் ஏழு மாதப் பெண்பிள்ளை, கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு. தாய் அன்னமயிலுக்குக் கீழ்க்கொட்டகையில் ஆரஞ்சு தரம் பிரிக்கும் வேலை. பிள்ளை மேலே தொழிலாளர் லயத்தில் ஆயாவிடம். நடந்தால் இறங்க ஒரு மணி நேரம், ஏற இரண்டு மணி நேரம். தொட்டிலில் ஆறே நிமிடம். பிள்ளை ஏறினால் சூசையண்ணன் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்து மெல்ல விடுவார். பால் குடித்ததும் பிள்ளை அதே பெட்டியில் மேலே வந்துவிடும்.

"ஆட்கள் ஏறக்கூடாதுன்னு போர்டு தொங்குதே, சூசையண்ணே?"

"அது ஆளுகளுக்குத் தம்பி. இது கைப்புள்ள. போயி உங்க சோலியப் பாருங்க."

நானும் போய்ப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

என் சோலிகளில் முக்கியமானது கம்பிச் சோதனை. மாதம் ஒருமுறை, பழைய கிரீஸை வழித்துவிட்டு, இழுவைக் கம்பியைப் பஞ்சால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தொட்டிலை மெல்ல ஓடவிட வேண்டும். எங்காவது இழை அறுந்திருந்தால் பஞ்சைக் கவ்வும். அந்த மாதம் முதலாளி வருவதாகத் தகவல். கம்பி பளபளக்க வேண்டாமா? முதலில் கிரீஸை அப்பினேன், கல்யாணப் பெண்ணுக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல. அதன் பிறகு பஞ்சைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. 'பழுதில்லை' என்று சோதனைப் புத்தகத்தில் சுழித்து எழுதினேன். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நாலைந்து நாள் கழித்துக் கீழ்க்கொட்டகைக்குப் போயிருந்தேன். அன்னமயில் பால் கொடுத்து முடித்துப் பிள்ளையின் துணியை என்மேல் வீசினாள்.

"உங்க கருப்பு மையி எம்புள்ள துணியில சொட்டிக் கெடக்கு. நீங்களே தொவைங்க."

சிரித்துக்கொண்டே கசக்கினேன். விரலில் சுருக்கென்றது. கிரீஸுக்குள் ஊசி நீளத்துக்கு ஒரு கம்பித்துணுக்கு. பெட்டிக்கு நேர்மேலேதான் இழுவைக் கம்பியைத் தொட்டிலோடு பிடிக்கும் கவ்வி. அங்கிருந்து உதிர்ந்தது இது. அன்னமயில் பிள்ளையைப் பெட்டியில் கிடத்திவிட்டாள். புறப்படச் சொல்லி மணியடிக்க ஒருத்தி கையை ஓங்கிவிட்டாள். நான் போய்த் தொட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"தூக்குங்க பிள்ளைய! கம்பி அறுந்துக்கிட்டு இருக்கு!"

"நாலு நாளைக்கு முன்னாடி நல்லாருக்குன்னு எழுதுனது ஆரு?" என்றாள் அன்னமயில்.

"நாந்தான். தப்பா எழுதிட்டேன். குடுங்க, நானே மேல தூக்கிட்டுப் போறேன்."

"உங்ககிட்ட குடுத்தா அதுக்கும் கிரீசு பூசிருவீங்க." பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே ஏறினாள். அரை நாள் கூலி போயிற்று. முன்னால் அவள் வசவு, பின்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு நான்.

மேனேஜர் குதித்தார். "ஆரஞ்சு அழுகுதுய்யா! உங்க டிப்ளமாவப் பிழிஞ்சு ஜூஸ் போடவா?" ஆரஞ்சைப் பெண்கள் தலைச்சுமையாக இறக்கினார்கள். ஏறி இறங்கும் ஒவ்வொருத்தியும் என்னை ஏதாவது சொல்லிவிட்டே போனாள். சூசையண்ணனும் நானும் வெள்ளனே எழுந்து, மண்ணெண்ணெய்த் துணியால் சாண் சாணாக அந்த கிரீஸைத் துடைத்தோம். கவ்வியின் ஓரத்தில் பதினோரு இழைகள் அறுந்து நின்றன. அந்தப் பகுதியை வெட்டி எறிந்தோம். உருளையில் மிச்சமிருந்த கம்பியை இறக்கிப் புதிதாகக் கவ்வி போட்டோம். கல் மூட்டைகளை ஏற்றி, வழக்கமான சுமைக்கு மேலேயே வைத்து இருபது தடவை ஓட்டினோம். நாலு நாள் ஆயிற்று. உள்ளங்கையில் தோல் இல்லை.

மேனேஜர் புத்தகத்தை நீட்டினார். நான் 'பழுதில்லை'யை அடித்துவிட்டு, 'கிரீஸ் பூசிய பிறகு பார்த்தேன், என் தவறு' என்று எழுதினேன். புதிய சோதனைக்குக் கையெழுத்துப் போடவில்லை.

"தரம் பிரிக்கிற மேசையெல்லாம் மேல கிட்டங்கிக்கு வரணும் சார். அப்பத்தான் போடுவேன்."

போர்டைப் பெரிதாக எழுதிவைக்கலாம். நான் காவலும் நிற்கலாம். மதியமானால் தாய்க்குப் பால் கட்டும். அது போர்டையா பார்க்கும்? நான் ஒருநாள் ஊருக்குப் போனாலும் பெட்டி ஏறிவிடும்.

"உம்ம எழுத்தே உம்ம வேலைக்கு உலை. நாளைக்கே வேற மெக்கானிக் வருவான்."

"வரட்டும் சார். அவரு போடட்டும்."

பிரேக்குச் சக்கரத்தில் சாய்ந்து நின்ற சூசையண்ணன் பீடியை அணைத்தார். "தம்பி போடாம நான் பிரேக்கத் தொடமாட்டேன். வேணும்னா நீங்களே புடிங்க சார்."

மேனேஜர் சக்கரத்தைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மறுநாள் மேசைகள் மேலே வந்தன. அன்னமயில் என்னிடம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆரஞ்சு பொறுக்கினாள். நான் கடந்துபோனால் மட்டும் துணியை இழுத்து மூடிக்கொள்வாள், "ஏடி, கிரீசு வருதுடி" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லி.

அப்புறம் ரோடு வந்துவிட்டது. லாரி கிட்டங்கி வாசலிலேயே வந்து நின்றது. தொட்டிலை நிறுத்தப்போகிற வாரம் நான் சூசையண்ணனோடு நின்றிருந்தேன். மதியம். கீழ்க்கொட்டகையில் மிச்சமிருந்த ஆட்களுக்கு வெறும் சோற்றுத்தூக்குகள்தான் இறங்கின. அவர் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்து, ஓர் ஆட்டம் அசைவு இல்லாமல், மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வெரசா விடுங்க. சோறு ஆறுது."

"ஆறட்டும்" என்றார்.

இப்போது அங்கே கம்பி இல்லை, கவ்வி இல்லை, சக்கரத்தைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். சூசையண்ணன் லாரியில் மூட்டை ஏற்றுகிறார் என்று கேள்வி. கம்பிக்காக மரம் வெட்டிய பாதையில் உண்ணிச்செடி மண்டி, எந்த இடம் என்றே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக எதையும் இறக்கத் தெரிந்த கை இந்த மலையில் வேறு இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது.