இரண்டு பக்கமும் கேட்ட ரேடியோ

ஜெகதாப்பட்டினத்துக்கு ஐஸ் உடைக்கும் வேலைக்குத்தான் போனேன். அதற்கு முன் திருப்பூர், அதற்கும் முன் ஒரு கோழிப்பண்ணை. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு ஊர் மாறுவது பெரிய காரியமில்லை. ஒரு விசைப்படகில் ஆள் குறைந்தது, ஏறிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், உச்சி வேளையில் படகின் பேட்டரி இறங்கி, ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் ஒன்றாக அணைந்தன. மேற்கே கரை என்று தெரியும். எல்லை எவ்வளவு தூரம் என்று தெரியாது. தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கும். எங்களோடு வலை இழுத்த அண்ணன் ஒருமுறை பிடிபட்டு அங்கே சிறையில் இருந்தவர். மறுபடி மாட்டினால் சீக்கிரம் விடமாட்டார்கள்.

டிரைவர் செல் போட்ட ரேடியோவை என்னிடம் கொடுத்தார். "நம்ம ஊரு கேக்குதா, அங்கிட்டுக் கேக்குதான்னு பாத்துச் சொல்லு."

திருகினேன். வெறும் இரைச்சல். பக்கவாட்டில் இருந்த சுவிட்சைத் தள்ளியதும் ஒரு பெண் குரல் இலங்கைத் தமிழில் மரண அறிவித்தல் வாசித்தது. அடுத்த வீட்டில் பேசுவது போல அவ்வளவு தெளிவு.

"அண்ணே, இலங்கை நல்லாக் கேக்குது."

வலை அண்ணன் எழுந்துவிட்டார். "வலையைத் தூக்கு." வலை அப்போதுதான் இறங்கியிருந்தது.

டிரைவர் ரேடியோவைப் பிடுங்கிப் பார்த்தார். "ஏ.எம்.ல வச்சிருக்கியேப்பா. இதைக் கடலே இல்லாத அரிமளத்துல கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்கலாம். அது எம்புட்டுத் தூரமும் வரும். எஃப்.எம்.தான் பக்கத்துல போனாத்தான் கேக்கும்." சுவிட்சைத் தள்ளித் திருகினார்.

எஃப்.எம்.மிலும் இலங்கைதான். பால்மா என்று பால்பவுடர் விளம்பரம். கொஞ்சம் தள்ளித் திருகினால் நம் ஊர்ப் பாட்டும் மெலிதாக வந்தது.

"இப்ப என்னண்ணே அர்த்தம்?" என்றேன்.

"கடல்ல வெக்கை கூடுனா சில நாளு எஃப்.எம்.மும் தாண்டி வந்துரும்."

"இன்னைக்கு அந்த நாளா?"

"எனக்கென்ன தெரியும்?"

வலை அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி கேட்டார். "ரெண்டு பேரும் ரேடியோக் கடை வைக்கப் போறீங்களா, போட்டைத் திருப்பப் போறீங்களா?"

இன்னும் ஒரு மணி நேரம் வலை கிடக்கட்டும் என்றார் டிரைவர். அண்ணன் இழுக்க ஆரம்பித்தார். எனக்கு யார் சொல்வது சரியென்று தெரியவில்லை. ஆனால் என் வார்த்தையைக் கேட்டுத்தான் அவர் எழுந்தார், அதனால் அவரோடு சேர்ந்து இழுத்தேன். வலையில் இரண்டு கூடை காரப்பொடி மீன்தான் இருந்தது.

கரையில் அண்ணனின் மனைவி மீன் எடுக்க நின்றிருந்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்ததும் கேட்டார். "எல்லைகிட்டப் போனீங்களா?"

"தாண்டியே போயிட்டோம்மா, தப்பிச்சு வந்தோம்" என்றார், வீணாக வலையைத் தூக்க வைத்தேன் என்று படகில் என்னைத் திட்டிக்கொண்டே வந்த டிரைவர்.

"அந்தப் பக்கமே போகல" என்றார் அண்ணன். தாண்டியதாகத் தெரிந்தால் அந்த அக்கா மறுபடி அவரைக் கடலுக்கு விடமாட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

"ரெண்டு பக்கமும் கேட்டுச்சுக்கா" என்றேன். அவர் என்னை முறைத்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.