செல்வரட்ணம் அண்ணையின் நாலு எல்லை

வெண்கட்டியைக் கையில் எடுத்தால் செல்வரட்ணம் அண்ணை கரும்பலகையில் முதலில் ஒரு சதுரம்தான் கீறுவார். கதையின் முக்கிய ஆள் அதற்கு நடுவில். வடக்கே யார், கிழக்கே யார் என்று மற்றவர்கள் நான்கு பக்கமும் வருவார்கள். முப்பது வருடம் நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்து நாலு எல்லையும் குறித்துக் காணி உறுதி எழுதிய கை, கதையையும் அப்படித்தான் வாசிக்கும். "எந்த எல்லை பிசகியிருக்கெண்டு பாருங்கோ. அங்கைதான் சண்டை" என்பார்.

இணுவிலில் எங்கள் சனசமூக நிலையத்தில் பௌர்ணமி விடுமுறையான போயா தினம்தோறும் வாசகர் வட்டம் கூடும். பதினொரு பேர் வந்தால் பெருங்கூட்டம். யாராவது "மனிதநேயம்", "சமூகப் பார்வை" என்று தொடங்கினால் அண்ணை விடமாட்டார். "உதெல்லாம் பேந்து பாப்பம். ஆருக்கு என்ன வேணும், ஆர் குறுக்கை நிண்டது? அதைச் சொல்லுங்கோ." வாசிக்காமல் வந்து அளப்பவர்களை உடனே பிடித்துவிடுவார். எனக்கு இரண்டு தடவை மானம் போயிருக்கிறது.

போன மாதம் எடுத்தது அவர் மனைவி ஜெயகௌரி அக்கா எழுதிய சிறுகதை. கல்யாணமான புதிதில் ஒருத்திக்கு வவுனியாவில் ஆசிரியை வேலை கிடைக்கிறது. நியமனக் கடிதத்தை வீட்டில் கொடுத்ததாகத் தபால்காரர் சத்தியம் பண்ணுகிறார். அவள் கைக்கு அது வரவேயில்லை. யார் ஒளித்தது என்று கதை சொல்லவில்லை. அது அக்காவின் சொந்தக் கதை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மாமிதான் ஒளிச்சது. அவவுக்குத்தானே மருமகள் வேலைக்குப் போறது பிடிக்கேல்லை" என்றாள் தர்சினி. சிவகரனும் மற்றவர்களும் அதே கட்சி. வடக்கு எல்லையில் எழுதியிருந்த "மாமி"யைச் சுற்றி அண்ணை வட்டம் போட்டார். இருபத்திரண்டு வருடமாக அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். படுக்கையில் கிடந்த மாமியைக் கடைசிவரை பார்த்தவரும் அவர்தான், முகம் கொடுத்து ஒரு சொல் கதைக்காமல்.

"அப்ப சரி, முடிப்பம்" என்றேன். எனக்குத் தேத்தண்ணி அவசரம்.

அண்ணை வெண்கட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்கள் வடிவா வாசிக்கேல்லை. மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது, வாற கடிதமெல்லாம் மகன்ரை கையிலைதான் குடுக்கிறவ எண்டு ரண்டாம் பக்கத்திலை கிடக்கு. எழுதினவவே உதைக் கவனிக்கேல்லை."

உறுதி வாசிக்கும் அதே குரல்தான். ஆனால் அக்கா இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

சேட்டுக் கையால் வட்டத்தையும் "மாமி"யையும் துடைத்தார். மேற்கு எல்லையில் "புருசன்" என்றிருந்தது. அதையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் தகப்பன் பெயரோடு தன் முழுப்பெயரை நிதானமாக எழுதினார்: முத்துக்குமாரு செல்வரட்ணம்.