வங்காள எழுத்தில் ஒரு மா

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பாலிகஞ்சில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், அம்மா முன்பு பாடியது ஏதாவது பதிவாகி இருந்தால் போட்டுக் காட்டுங்கள், பேச்சு போனவர்களுக்கும் பாட்டு சில சமயம் வரும் என்றாள். இருந்தது. கல்லூரி நாட்களில் தங்கை பதிந்து, தன் மியூசிக் பிளேயரில் ஏற்றியிருந்தாள். வேறெங்கும் பிரதி கிடையாது.

அந்தச் சனியனைப் பரணிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். உயிர் இருந்தது. ஆனால் நம் எழுத்து எதுவும் அதற்குத் தெரியாது. நானும் தங்கையும் ஏற்றிய பாட்டுகளின் பெயரெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக நின்றன. உள்ளே டிஸ்க் வேறு டக் டக்கென்று அடித்துக்கொண்டது. எந்த நிமிஷமும் மண்டையைப் போடலாம்.

லேப்டாப்பில் மாட்டினால் இன்னும் மோசம். கோப்புகளுக்கெல்லாம் அர்த்தமில்லாத நாலெழுத்துப் பெயர். எது எந்தப் பாட்டு என்று உள்ளே இருக்கும் டேட்டாபேசுக்குத்தான் தெரியும். அதைப் படிக்க ஓர் இலவச மென்பொருள் கிடைத்தது. பட்டன் கிட்டன் ஒன்றும் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும்.

'அம்மா' என்று தேடினேன். சினிமாப் பாட்டாகக் கொட்டியது. அவள் பெயரைப் போட்டேன், ஒன்றுமில்லை. எழுந்து பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்து அதையே மறுபடி தேடினேன். நாற்காலியில் இருந்தபடி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு போன் போட்டுக் கத்தினேன். "என்ன பேருடி வெச்சுத் தொலைச்ச?"

"கத்தாத. 'மா'ன்னு போட்டிருப்பேன்."

"அதத் தேடினாலும் இதே சினிமாப் பாட்டுதான் வருது!"

"தமிழ்லயா தேடுற? அட லூசு அண்ணா! நான் எந்தக் காலத்துல தமிழ்ல எழுதினேன்? பெங்காலில போடு."

வாஸ்தவம்தான். பவானிபூரில் பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளோடு வளர்ந்த நாங்கள் அம்மாவை நேரில் 'அம்மா' என்று கூப்பிட்டதே இல்லை. 'மா'தான். தங்கைக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது, வங்காளம்தான்.

வங்காள எழுத்தில் போட்டதும் வந்துவிட்டது. பிளேயர் திரையில் தெரியட்டும் என்று பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். மாற்றத்தை டேட்டாபேசில் எழுதிவைக்கும் கட்டளையை மறந்து, அவசரத்தில் வயரைப் பிடுங்கினேன். பழையபடி கட்டம்! என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடி மாட்டி எழுதவைத்தேன்.

ஹெட்போனை அம்மா காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. உதடு அசைந்ததும், பாடப்போகிறாள் என்று குனிந்தேன். பாடவில்லை. சட்டென்று தாளத்தை நிறுத்தி முகத்தைச் சுளித்தாள்.

"தப்பு," என்றாள்.

"என்ன மா? என்ன சொன்ன?"

"தப்பு... சுருதி."

அதே இடத்தை மறுபடி போட்டேன். "தப்பு," என்றாள், இன்னும் எரிச்சலாக. தன் பாட்டிலேயே குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மா, தப்பு, ரொம்பத் தப்பு," என்று ஓவென அழுதேன்.