நாற்பத்திரண்டாம் வீட்டு விறகு

ஆம்பூர் ஷூ பாக்டரியில் பதினெட்டு வருடம் தைத்த செண்பகம், முதுகுவலியால் வேலையை விட்டபோது, இனி நிம்மதியாக உட்காரலாம் என்றுதான் நினைத்தாள். பத்தே நாளில் சலித்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு உள்ளூரில் ஆள் தேடியபோது தானே போய்ப் பெயர் கொடுத்தாள். வருமானம் உயர உயர வீடுகளில் எரிபொருள் எப்படி மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நூற்றிருபது வீடுகள். மாதத்துக்கு ஒருமுறை போய்க் கேள்வி கேட்க வேண்டும். விறகு இருந்தால் எடை போட்டுவிட்டு, மறுநாள் மிச்சத்தையும் எடை போட வேண்டும்.

அதற்கென்று கொடுத்த கொக்கித் தராசுதான் முதல் தொல்லை. அதோடு தெருவில் நுழைந்தாலே பழைய பேப்பரும் உடைந்த குடமும் வாசலுக்கு வந்துவிடும். முனவ்வர் பேகம் என்பவர் ரிப்பேரான மிக்ஸியையே தூக்கி வந்து வைத்தார்.

"இது எவ்ளோ போவும்மா?"

"நான் பழைய சாமான் வாங்கறவ இல்லைங்க. ஆராய்ச்சி."

"சரி, ஆராய்ச்சிக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

மூன்றாம் மாதம் ஆராய்ச்சியை நடத்தும் கோபிநாத் போன் செய்தார். வயது முப்பதுகூட ஆகாதவர்.

"அக்கா, நாப்பத்திரண்டாம் வீட்டுக்குத் தப்பா எழுதிட்டீங்க. கேஸ் இருக்கு, ஏசி இருக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு கிலோ விறகு எப்படி?"

"எரிச்சாங்க, எழுதினேன்."

"வசதி ஏற ஏற விறகு கம்மியாகணும்க்கா."

"அத அவங்ககிட்ட யாரும் சொல்லல போல."

அந்த ஒரு வீட்டை மட்டும் நீக்கிவிடலாம் என்றார் கோபிநாத். செண்பகத்துக்குச் சுருக்கென்றது. பாக்டரியில் அவள் தைத்த ஒரு ஜோடியைக்கூடக் காரணம் சொல்லாமல் யாரும் தள்ளியதில்லை.

"வந்து பாத்துட்டு எடுங்க சார்."

அடுத்த வாரமே வந்தார். நாற்பத்திரண்டாவது, அமிர்தவள்ளியின் வீடு. சமையலறையில் கேஸ் அடுப்பு பளபளத்தது. ஒரு சுள்ளிகூட இல்லை. கோபிநாத் ஜெயித்துவிட்டவர்போல் செண்பகத்தைப் பார்த்தார்.

"விறகுல சமைப்பீங்களா?"

"ஐயோ, செவுரெல்லாம் கருப்பாயிடும்!"

செண்பகம் பின்கதவைத் திறந்தாள். கொல்லையில் ஓர் ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுக்கு அண்டா. அடியில் தீ. பக்கத்தில் கூரை உயரத்துக்குப் பலகைகள்.

"குளிக்கச் சுடுதண்ணி" என்றாள் அமிர்தவள்ளி. "எங்க வீட்டுக்காரர் போன வருஷம் சூப்பர்வைசர் ஆனாரு. பாக்டரிக்கு மிஷின் வர்ற மரப்பெட்டியெல்லாம் இப்ப இவருக்குத்தான் குடுக்கறாங்க. ஒர்க்கரா இருந்தப்ப ஒரு குச்சி கெடைக்கல. இப்ப வண்டியில கொண்டாந்து கொட்டறாங்க. எரிக்காம இன்னா பண்றது?"

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் கிறிஸ்டினா வாளியோடு வந்து, கேட்காமலே மொண்டுகொண்டு போனாள். நாலு வீட்டுக்கு அந்த அண்டாதான்.

"அப்போ, பதவி ஏறினதாலதான் விறகு ஏறிச்சா?"

"ஆமா தம்பி. மேனேஜர் ஆயிட்டா இன்னும் ஜாஸ்தி வரும்."

காற்று திரும்பியது. பெயிண்ட் அடித்த பலகையின் புகை நேராகக் கோபிநாத்தின் முகத்தில் அடித்தது. இருமி, கண்ணைக் கசக்கிக்கொண்டு தானே தராசைப் பிடித்து அன்றைக்கு எரிக்க வைத்திருந்த பலகைகளை எடை போட்டார். மறுநாளும் வந்து மிச்சத்தைப் போட்டார். பதினொன்றரைக் கிலோ எரிந்திருந்தது. செண்பகம் எழுதியதைவிட அரைக் கிலோ கூடுதல்.

குளிக்க எதை எரிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி படிவத்தில் புதிதாகச் சேர்ந்தது. நூற்றிருபது வீடுகளையும் அவள் மறுபடி சுற்றினாள். முப்பத்துநாலு வீடுகளில், இதுவரை எட்டிப் பார்க்காத கொல்லைகளில், பெட்டிப் பலகை எரிந்தது. வரைபடத்தில் அழகாக இறங்கிக்கொண்டிருந்த கோபிநாத்தின் விறகுக் கோடு, வசதியான வீடுகள் வரும் கடைசியில் வாலைத் தூக்கிக்கொண்டது.

வேலூரில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் அதைக் காட்டியபோது ஒரு பேராசிரியர், இவ்வளவு நாள் இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டார். கோபிநாத் மைக்கைச் செண்பகத்திடம் நீட்டினார்.

"சமைக்க இன்னா எரிக்கிறீங்கன்னுதான் சார் கேட்டீங்க. குளிக்கறத யாரும் கேக்கல."

கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது. அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மைக்கை வாங்கிக்கொள்ள கோபிநாத் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நாற்பத்துமூன்றாம் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.