தண்ணீரில் படாத மருந்து

மருதவீரன் பாதி ஆயுளைத் தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்தே கழித்தவர். ஓடையில் ஒரு சொட்டு மருந்து பட்டாலும் கணக்கப்பிள்ளை அன்றைய பேரை வெட்டிவிடுவார். பேர் போனால் கூலியும் போச்சு.

பிறகு டிக்கோயாப் பக்கம் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தார். ஊரே கம்பளி போர்த்தித் திரிய, ஆலையைக் குளிர்விக்கப் பின்கட்டில் ஒரு கூலிங் டவர் நின்றது. அதன் தண்ணீரில் வளரும் கிருமி தூவானத்தோடு பறந்து நுரையீரலைக் கெடுக்குமாம். மேனேஜர் ஒரு கேனைக் கொடுத்து, “சட்டப்படி டவருக்கு வாராவாரம் மருந்தடிக்கணும்” என்றார்.

பரிசோதகர் வந்தார். டவரைச் சுற்றி ஒரு புல்கூட இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பாசி கட்டிகட்டியாக மிதந்தது.

“மருந்தடிச்சீங்களா இல்லையா?” என்று மேனேஜர் கத்தினார்.

“ஒரு வாரமும் விடாம அடிச்சேங்க. தண்ணியில ஒரு சொட்டு படவிடலைங்க.”