நசுங்கி வந்த தைல டின்கள்

எதையும் இரண்டு முறை பார்க்காமல் வடிவு நம்பமாட்டாள். மார்டள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த கணவனோடு மைசூருக்குக் குடிவந்தவள், முதலில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் இருந்தாள். அங்கே ஒருநாள் சரக்கைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். காணாமல் போன சந்தன எண்ணெய்க்கு அவளே பதில் சொல்ல வேண்டியதாயிற்று, வேலையும் போயிற்று. பிறகு பன்னிமண்டபம் பக்கம் பசவராஜின் தைலக் கிடங்கில் சேர்ந்தாள். மூடியை முகராமல், தராசில் ஏற்றாமல் ஒரு டின்கூட அவளைத் தாண்டி உள்ளே போகாது.

தொண்ணூற்று நான்காம் வருஷம்வரை ஊட்டியிலிருந்து யூகலிப்டஸ் தைலம் கனத்த இரும்புப் பீப்பாயில்தான் வந்தது. அந்த வருஷம் மெல்லிய தகர டின்னுக்கு மாற்றினார்கள். டெம்போ ஓட்டியவன் ராமாபுரத்து மாரிசாமி. முதல் லோடிலேயே டின்களின் பக்கங்கள் பட்டினி கிடந்த வயிறுபோல உள்ளே ஒட்டியிருந்தன.

"எங்கயாச்சும் போட்டு இடிச்சீங்களா?"

"இல்லீங்க்கா. ஏத்துனது ஏத்துனபடியே கொண்டாந்தேன்."

முத்திரை உடையவில்லை. எடையும் சரியாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. தைலத்தை எடுத்துக்கொண்டு வேறெதையோ ஊற்றி ஈடுகட்டியிருந்தால் எடை சரியாகத்தானே இருக்கும்? இரண்டாவது லோடும் அப்படியே வந்தது. மூன்றாவதும் அப்படியே வரவும், சுமைதூக்குபவர்கள் பார்த்திருக்கவே கேட்டுவிட்டாள்.

"வழியில எங்க நிறுத்தி எடுக்கறீங்க? குண்டலுபேட்டையிலயா?"

மாரிசாமியின் முகம் கறுத்தது. வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தான்.

பசவராஜ் தன் கன்னடம் கலந்த தமிழோடு இடையில் புகுந்தார். "சும்மனே ஒருத்தரைக் கள்ளன்னு சொல்லபேடா வடிவு. ஒரு தடவை நீயே கூடப் போய்ப் பார்த்துட்டு வா."

அவள் போனாள். வழியெல்லாம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மசினகுடி தாண்டி மலை ஏறும்போது டெம்போ திணறியது. இந்த நொண்டலும் நடிப்போ என்று நினைத்தாள்.

ஊட்டியில் தைலம் காய்ச்சும் இடத்தில் காலி டின் ஒன்றைத் தானே பொறுக்கினாள். தட்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் ஓட்டை தேடினாள். மூடியைத் தன் கையால் இறுக்கி, சேலை நூலால் தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லட்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அவள் காது அடைத்தது. எச்சில் விழுங்கினாள். சட்டென்று மடியில் 'டொக்' என்றொரு சத்தம். டின்னின் ஒரு பக்கம் உள்ளே குழிந்திருந்தது. அவனைப் பார்த்தாள், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. இன்னும் நாலைந்து வளைவு போனதும் மறுபக்கமும் ஒடுங்கியது. தொட்டவர் யாருமில்லை; முடிச்சும் அப்படியே இருந்தது.

மசினகுடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நூலை அறுத்து மூடியைத் திருகினாள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. ஒரு பக்கத் தகரம் படாரென்று நிமிர்ந்தது.

"என்னுங்க இது?" என்றாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

அவன் இறங்கிவந்த மலையைக் காட்டினான். "மேல காத்து லேசுங்க்கா. எஞ்சினுக்கே பத்தாது, மூச்சு வாங்கும். கீழ வந்தா நல்லா இழுக்கும். இதுவும் அதாத்தான் இருக்கோணும்."

அவளுக்குப் பிடிபட்டது. மேலே அடைத்தது மலையின் லேசான காற்று; தைலம் நிரப்பிய டின்னிலும் தைலத்துக்கு மேலே விட்ட இடத்தில் அதே காற்றுதான். கீழே இறங்க இறங்கத் தலைக்குமேல் நிற்கும் காற்றின் பாரம் கூடுகிறது, காற்றும் அடர்த்தியாகிறது. உள்ளே இருந்த மெல்லிய காற்றால் அதை எதிர்த்து நிற்க முடியவில்லை. தகரம் தோற்றுப் போனது.

கிடங்குக்கு வந்ததும், முன்பு அவள் பழி சொன்னதைப் பார்த்திருந்த அதே ஆட்கள் நடுவே சொன்னாள்: "மாரிசாமி மேல தப்பில்லைங்க. நான்தான் தப்பாப் பேசிட்டேன்." இனி கல்லட்டியில் ஒருமுறை, மசினகுடியில் ஒருமுறை மூடிகளைத் திறந்து காற்று விட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. திறந்தபின் மறுபடி முத்திரை அழுத்தும் இடுக்கியை அவளே அவன் கையில் கொடுத்தாள்.

அவன் வாங்கிக்கொண்டான். "நீங்க அன்னிக்கு என்னைக் கேட்டது எங்க வூட்டு வரைக்கும் போயிருச்சுங்க்கா. புள்ளைங்களுக்கும் தெரிஞ்சு போச்சு," என்றான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் வடிவு மைசூரிலேயே அவன் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனாள். அவன் மனைவி ராணி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வடிவு நடந்ததையெல்லாம் நின்றுகொண்டே சொன்னாள். ராணி உட்காரச் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "புள்ளைங்க உள்ளதான் இருக்குதுங்க. அதுங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.