தரவையில் ஐந்து குழிகள்

போன கிழமை முழங்கால் நோவுக்கு மருந்தெடுக்க ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இளம் டொக்டர், வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை. நாடி பார்க்கக் கையைப் பிடித்தவள் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களுக்கு அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது.

"அம்மா தோட்டம் செய்யிறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. கோல்ஃப் விளையாடுறனான்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. எங்கே, வெளிநாட்டிலா என்று கேட்டாள். அங்கேயும் விளையாடினேன், இப்போது எங்கள் ஊர் நாரந்தனையில் என்றேன். அவள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்துத் துண்டில் இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நீங்களும் சிரிக்கலாம். தண்ணீருக்கே தவண்டை அடிக்கிற தீவில் கோல்ஃபா என்று பலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த விளையாட்டு ஏழு வயதில் தொடங்கியது. அதுவும் கருவாட்டு மணத்தோடு.

ஐயா, என் தகப்பனார், மலைநாட்டுப் பட்டணம் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான், தெற்கே எங்காவது ஒரு கடையில் இருந்துகொண்டு தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போவார்கள். ஒரு பள்ளி விடுமுறைக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். கடையின் பின்கதவைத் திறந்தால் ஒரு வேலி. வேலிக்கு அங்காலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. அவ்வளவு புல்லை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. இவ்வளவு புல்லிருந்தும் ஒரு மாட்டைக்கூடக் காணோமே என்றுதான் முதலில் யோசித்தேன். தொப்பி போட்ட துரைமார் சின்ன வெள்ளைப் பந்தை அடித்துவிட்டு அதன் பின்னால் அவசரமில்லாமல் நடந்து போனார்கள். எனக்கு முன்னால் நனைந்த புல்லின் மணம், பின்னால் கடையின் கருவாட்டு மூட்டை. இன்றைக்கும் வெட்டிய புல் எங்காவது மணத்தால் எனக்கு நெத்தலிக் கருவாடு நினைவுக்கு வரும்.

சீமைக்குத் திரும்பும் துரை ஒருவர் போகிறபோது ஐயாவிடம் ஒரு தடியும் எட்டுப் பந்துகளும் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா அதைச் சாக்கில் சுற்றி நாரந்தனைக்குக் கொண்டுவந்தார். இரும்புத் தலையில் 7 என்று பொறித்திருந்தது. அது எடையா, வரிசையா என்று எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அது முருங்கைக்காய் பறிக்க வாய்ப்பாக இருந்தது. ஒருமுறை குசினிக்குள் வந்த பாம்பையும் அடித்தார். மிச்ச நேரம் கதவு மூலையில் சாத்தியிருந்த தடியை நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடற்பக்கம் போகிற தரவை வெளி. மாடுகள் மேய்ந்து மேய்ந்து புல்லை மட்டமாக்கி வைத்திருக்கும். என்னோடு படித்த றெஜினா ஊர்காவற்றுறைக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய தகப்பன் வள்ளம் திருத்தும்போது மிஞ்சிய பலகையில் அவளுக்கும் ஒரு தடி செதுக்கிக் கொடுத்தார். நாங்கள் ஐந்து வெறும் பால்பேணித் தகரங்களை மண்ணில் புதைத்து ஐந்து குழிகள் ஆக்கினோம். சட்டங்கள் எல்லாம் எங்கள் சட்டங்கள். சாணியில் பந்து விழுந்தால் எடுத்துத் துடைத்துவிட்டு அடிக்கலாம். மாட்டில் பட்டால் மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப அடிக்கலாம்.

சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் நான் அடிக்கிற பந்தெல்லாம் நான் நினைத்த பக்கத்துக்கு எதிராகப் போகும். றெஜினா கடலோடிகளின் பிள்ளை அல்லவா, ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பாள். "இப்ப அடிக்காதை. காத்து விழட்டும்" என்பாள். காற்று விழாவிட்டால் பந்தைத் தாழ்த்தி, நிலத்தை ஒட்டி அடிக்க வேண்டும். அதை நாங்கள் மாதக்கணக்காக அடித்து அடித்துத்தான் கண்டுபிடித்தோம்.

பிறகு நான் பெரியபிள்ளையானேன். சடங்கு முடிந்த அடுத்த நாளே, இனித் தரவைக்குப் போக வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தடி திரும்பவும் முருங்கை மரத்தடிக்குப் போனது. சடங்குக்கு வந்திருந்த ஐயா இரண்டு நாட்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இஞ்சேரும், நான் பிள்ளையோடை கூடப் போறன். பிறகென்ன?" என்றார் அம்மாவிடம்.

தரவையில் றெஜினா தனியே அடித்துக்கொண்டிருந்தாள். ஐயா என் கையிலிருந்து தடியை வாங்கினார். மூன்று முறை வீசினார். மூன்று முறையும் மண்தான் பறந்தது. றெஜினா கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நாலாவது அடியில் பந்து போய்க் கள்ளி வேலிக்குள் விழுந்தது. ஐயா அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபது வருசமா வேலிக்குப் பின்னாலை நிண்டு பாத்தனான் பிள்ளை. ஒருநாளும் அடிச்சுப் பாத்ததில்லை."

அவர் கடைக்குத் திரும்பிய பிறகும் அம்மா என்னைத் தடுக்கவில்லை. காவலுக்கென்று தானும் கூட வந்தார். ஒரு மாதத்துக்குள், "அது வலக்கைப் பக்கம் இழுக்குது, பாத்து அடி" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

நான் படித்து முடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த காலத்தில் தெற்கே கலவரம் வந்தது. ஐயாவின் கடையை எரித்துவிட்டார்கள். அவர் உடுத்த சாரத்தோடும் யாரோ கொடுத்த சேர்ட்டோடும் அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்தவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இரண்டு மாதம் அப்படியே இருந்தார். கேட்டால் ஓம், இல்லை என்பதோடு சரி. அம்மா பின்வளவில் போய் நின்று அழுதுவிட்டு வருவார்.

ஒருநாள் தடியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். "ஏலாது பிள்ளை" என்று திருப்பித் தந்தார். நான் தனியே போய் விளையாடினேன். அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் இரண்டாம் குழிக்கு அடிக்க நிற்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"காலைக் கொஞ்சம் அகட்டி வை."

திரும்பிப் பார்த்தேன். ஐயா தரவைக்குள் நின்றார், செருப்புக்கூடப் போடாமல். அகட்டி வைத்தேன், பந்து நேரே போனது. தடியை நீட்டினேன். இந்த முறை வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் பின்னேரங்களில் இருவரும் விளையாடினோம். கடையைப் பற்றி அவர் முதன்முதலாகப் பேசியதும் அங்கேதான். மூட்டைகளையோ காசு மேசையையோ பற்றி அல்ல.

"பின்கதவைத் திறந்தா அந்தப் பச்சை தெரியும். அதுதான் பிள்ளை நினைப்பா இருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து பந்தை அடித்தார். நான் அழவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

போரால் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டி வந்தபோது ஐயா அந்தத் தடியை ஊன்றிக்கொண்டுதான் நடந்தார். பார்த்தவர்கள் ஊன்றுகோல் என்று நினைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில், அதிகம் வருந்தாமல், அவர் காலமானார். தடி அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்த வீடும் இல்லாமல் போனது.

பிறகு கனடாவுக்குப் போய், கலியாணம் முடித்து, வேலை, பிள்ளைகள் என்று ஓடிய பிறகு, நாற்பது வயதில் முதன்முதலாக உண்மையான மைதானத்தில் கால் வைத்தேன். புல்லை மிதிக்கக் கூச்சமாக இருந்தது. ஐயாவின் தடியில் இருந்த ஏழு எடையல்ல, தடியின் வரிசை எண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்றுக்குக் கீழே தாழ்த்தி நான் அடித்த பந்தைப் பார்த்துவிட்டுக் கூட விளையாடிய கிழவர் ஒருவர் எந்த மைதானத்தில் பழகினீர்கள் என்று கேட்டார். நாரந்தனை என்றேன். கேள்விப்பட்டிருக்கிறேன் என்று தலையாட்டினார்.

இளைப்பாறியதும் நானும் கணவரும் ஊருக்கே வந்துவிட்டோம். விமானத்தில் வந்த என் நீளப் பையைச் சுங்கத்தில் இருவர் திறந்து, தடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்கள். மண்டைதீவில் வாழ்க்கைப்பட்ட றெஜினா ஞாயிறு பூசை முடிய பஸ் பிடித்து வருகிறாள். அவளுக்கும் முழங்கால் நோவு. தரவையில் முக்கால்வாசியைப் பற்றை மூடிவிட்டது. வெட்டித் துப்புரவாக்கி இரண்டு குழிகளை மீட்டிருக்கிறோம், மற்ற மூன்றும் உடைமரக் காட்டுக்குள் எங்கேயோ. இரண்டும் எங்களுக்குப் போதும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

பொழுது சாயும் நேரம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தரவையைச் சுற்றியிருந்த படலைகளிலிருந்து பெயர்கள் கேட்கும். எந்தத் தாய் எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று குரலை வைத்தே சொல்லிவிடலாம். மேய்ந்த மாடுகள்கூடத் தலை நிமிர்த்தும். அந்த வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன. கூப்பிட்ட தாய்மாரும் இல்லை, அந்தக் குரலுக்கு ஓடிப்போன பிள்ளைகள் பாரிஸிலும் லண்டனிலும் கிழவர்களாகிவிட்டார்கள். வீட்டுக்கு வா என்று எங்களைக் கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை. அதனால் நானும் றெஜினாவும் பந்து கண்ணுக்குத் தெரியாமல் இருட்டும்வரை விளையாடுகிறோம்.